அஞ்சல்மேன் இல்லை, ஏஞ்சல்மேன்

13 பிப்ரவரி 2025, காலை 10.15 (கேள்வி)

வர்ற 15ஆம் தேதி ஏஞ்சல்மேன் தினமாம், பிறவியிலேயே வருகிற ஏதோ ஒரு அரிய மரபணுக் குறைபாட்டுக்காக. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இப்போதே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே கேட்கிறேன். பதினைந்தாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற ஒன்றை ஊரே தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? டெங்கு, சர்க்கரை என்றால் புரிகிறது. இதற்கு மருந்தும் கிடையாது என்கிறார்கள். டாக்டருக்குத் தெரிந்தால் போதாதா?

13 பிப்ரவரி, இரவு 11.40 (பதில்)

போதும். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் எனக்குப் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

என் பையன் பிறந்தது 2013இல். ஏழு மாசமாகியும் உட்காரவில்லை, பால் குடிக்கவே திணறுவான், ஆனால் யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். "சிரிச்ச முகம், நல்ல குழந்தை, கொஞ்சம் லேட்டா வளருவான்" என்றார்கள். ஒரு வயசும் எட்டு மாசமும் ஆனபோது காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அதன் பிறகு 'சி.பி.' என்று எழுதினார்கள், செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் கை கால் இயக்கம் குறைவது. ஒரு இடத்தில் குரோமோசோம் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், ரிப்போர்ட்டில் 46,எக்ஸ்ஒய், நார்மல் என்று வந்தது. என் கணவர் லட்டு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். அந்த டெஸ்டில் இது பெரும்பாலும் தெரியாது, 15ஆவது குரோமோசோமில் விடுபட்ட துண்டு அவ்வளவு சின்னது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மெத்திலேஷன் டெஸ்ட் என்று தனியாக ஒன்று உண்டு, அதில் பெரும்பாலும் பிடிபடும். லட்டு தின்றவர்கள் இன்னமும், "அன்னைக்கு நார்மல்னு சொன்னீங்களே" என்று கேட்கிறார்கள்.

அவனுடைய ஐந்தாவது வயசில், 2018இல், ஒரு சின்ன வயசு டாக்டர் ஈஈஜி (மூளை அலைப் பதிவு) தாளை ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். அலைகள் அவருக்கு எதையோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்து, "அம்மா, இவனுக்குத் தண்ணின்னா ரொம்ப ஆசையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டால் முட்டியிலேயே தவழ்ந்து போய்விடுவான், அது இவருக்கு எப்படித் தெரியும்? அடுத்து, "பிளாஸ்டிக் கவர் கசக்குற சத்தம் பிடிக்குமா? ராத்திரி தூங்க மாட்டானா?" என்றார். நான் அழுதுவிட்டேன். அஞ்சு வருஷத்தில் என் பையனை முதல் முறையாக ஒருவர் அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வலிப்புக்கு நாங்கள் முதலில் கொடுத்துவந்தது கார்பமசெபின். அதுவும் விகாபட்ரினும் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடக்கூடும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். நோயின் பெயர் தெரியாததால் இரண்டு வருஷம் கொடுத்தோம். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து, டாக்டரிடம் கேளுங்கள்.)

அப்புறம், பதினைந்தாயிரத்தில் ஒருவர் என்றால் ஏதோ அண்டார்டிகா மாதிரி தோன்றுகிறது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், 4,800 வரும். அவர்கள் எல்லாம் எங்கே?

14 பிப்ரவரி, மதியம் 1.05

மேலே போட்ட கணக்கைக் கொஞ்சம் திருத்துகிறேன். பன்னிரண்டாயிரத்தில் ஒருவர் என்றும் இருபதாயிரத்தில் ஒருவர் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அப்படியானால் 3,600இலிருந்து 6,000 வரை. எப்படிப் பார்த்தாலும் ஆயிரக்கணக்கில்தான். ஏஞ்சல்மேன் உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லோரையும் போலவே முழு வயசு வாழக்கூடியவர்கள், ஆகவே இதில் நாற்பது ஐம்பது வயசுக்காரர்களும் உண்டு. நான் இன்றுவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு வீட்டில், பின்கட்டில், "பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்ற பேரோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

15 பிப்ரவரி, இரவு 9.20

இன்றைக்குத்தான் அந்த நாள். பதினைந்தாவது குரோமோசோம் என்பதால் பதினைந்தாம் தேதி. நான் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் பையனோடு நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மா, நீளப் பின்னல், கனகாம்பரம். எனக்குப் பார்த்தவுடனே வயிற்றைக் கலக்கியது. காவிரிப் பாலம் ஏறுகிற வரை அவன் கையை என் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். பாலத்தில் தண்ணீரைப் பார்த்ததும் குஷியாகிக் கையை உருவிக்கொண்டான், அடுத்த நொடி பின்னல் அவன் கையில். அந்த அம்மா கத்த, இவன் சிரிக்க, அவர் இன்னும் கத்த, இவன் இன்னும் சத்தமாகச் சிரிக்க. "பண்றதையும் பண்ணிட்டுச் சிரிக்கிறான் பாருங்க, எவ்வளவு திமிரு!" என்றார். பூ எல்லாம் கீழே. எனக்கு விளக்கவும் வாய் வரவில்லை, இறங்கவும் முடியவில்லை. நடு ஆற்றில் பஸ்.

மருந்து கண்டுபிடிப்பது இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்குப் போதும்: அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கிண்டல் இல்லை. பயந்தாலும் சிரிப்பான், கூட்டம் கூடினாலும் சிரிப்பான், அடித்தாலும் சிரிப்பான்.

அதனால் ஒரு கார்டு அச்சடிக்கப் போகிறேன், விசிட்டிங் கார்டு அளவில். இப்போது எழுதி வைத்திருப்பது: "என் மகனுக்கு ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் என்னும் அரிய மரபணுக் குறைபாடு உள்ளது. தாயிடமிருந்து வரும் 15ஆவது குரோமோசோமில் உள்ள யூபிஇ3ஏ மரபணு இயங்காததால் இது ஏற்படுகிறது. அவனுக்குப் பேச்சு வராது. அவன் சிரிப்பது கேலி அல்ல. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்." எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

16 பிப்ரவரி, காலை 6.10

நாலு பேர் சொல்லிவிட்டீர்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு யாரும் யூபிஇ3ஏ படிக்க மாட்டார்கள் என்று. சரி, எடுத்துவிட்டேன். ஆனால் இன்னொருவர், "அந்தத் தாய் என்கிற வார்த்தையை முதலில் எடுங்க அக்கா" என்று எழுதியிருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். அதுவும் எனக்கு!

கதை இது. நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், கணவர் என் அத்தை பையன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி, "சொந்தமா?" ஆமாம் என்றதும் ஒரு "ம்ம்", அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது மாதிரி. அஞ்சு வருஷம் அந்த "ம்ம்" எங்களை அரித்தது. கடைசியில் பார்த்தால் இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நூற்றில் சுமார் எழுபது பேருக்கு அந்தத் துண்டு கரு உருவாகும் சமயத்தில் தற்செயலாக விடுபட்டுப் போவது, யாரிடமிருந்தும் வருவதில்லை. இவனுக்கும் அதுதான். எங்களுக்கு இன்னொரு குழந்தை பிறந்திருந்தால் அதற்கும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்றார்கள்.

ஆனால் ரிப்போர்ட்டில் "தாய்வழிப் பிரதி" என்று இருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம்." அவருக்கு அவர் அம்மாவைத் தெரியும். அத்தைக்கு நான் அண்ணன் மகள், என்னை நேராகத் திட்டினால் அவர் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேரும். அதனால் அது சுற்றிவளைத்து என் அம்மா தலையில்தான் விடியும். ஏற்கெனவே அவருக்கும் என் அம்மாவுக்கும் ஒரு வெண்கலப் பானை விஷயத்தில் இருபது வருஷமாகப் பேச்சு சரியில்லை. "உங்கம்மா வழியில வந்தது" என்று ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், பானை மறந்துபோகும், இது மறக்காது.

ஆக, அறிவியல்படி சரியான ஒரு வாக்கியம் எங்கள் ஊர் வீட்டில் போய் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. "தாயிடமிருந்து" என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் அடுத்த வரியில் "இது யார் தவறும் இல்லை" என்று அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். முடியாது என்றால் முதல் வரியே வேண்டாம்.

19 பிப்ரவரி, இரவு 12.30

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். நாங்கள் மறைத்தது ஏதோ சாமர்த்தியம் மாதிரி எழுதியிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை.

ரிப்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்த அதே வருஷம் என் நாத்தனார் உண்டாகியிருந்தாள். ஒன்பது மாசமும் அவள் என் பையனைப் பார்த்தாலே வயிற்றில் கையை வைத்துக்கொள்வாள், தனக்கும் இப்படிப் பிறந்துவிடுமோ என்று. ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் அழுகை. "உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி, இது குடும்பத்துல வர்றதே இல்ல" என்று நான் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள், காட்டினால் அந்த வார்த்தை வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்ற அவளை ஒன்பது மாசம் பயத்தில் விட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து காப்பி போடப் போய்விட்டாள்.

எல்லோருக்கும் இப்படித் தற்செயலாக வருவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சிலருக்கு அந்த மரபணுவிலேயே சிறு பிழை இருக்கும், அது தாயிடமும் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மெத்திலேஷன் டெஸ்ட் சுமார் 80 சதவீதம் பேரைத்தான் காட்டும், அதில் நார்மல் என்று வந்தும் டாக்டருக்குச் சந்தேகம் போகவில்லை என்றால் மரபணுவைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் "பயப்படாதீங்க" என்று நானும் சொல்ல முடியாது, "இனி வேணாம்" என்று நீங்களும் சொல்லக் கூடாது.

23 பிப்ரவரி, மாலை 5.45

பெரியவள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் மன்றத்தில் தம்பியைப் பற்றிப் பேசுகிறேன் என்று பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நெட்டில் தேடி அவள் வைத்த தலைப்பு, "சிரிக்கும் பொம்மை நோய்". எனக்குச் சுரீரென்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பேர் உண்மையிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹாரி ஏஞ்சல்மேன். தன்னிடம் வந்த மூன்று குழந்தைகளுக்கும் ஒரே நோய்தான் என்று அவருக்குத் தோன்றியது, நிரூபிக்க வழியில்லை. இத்தாலிக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் வெரோனா ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஓவியம், கையில் பொம்மையோடு சிரிக்கும் ஒரு பையன். அதைப் பார்த்ததும் அந்த மூவரின் ஞாபகம் வந்து எழுத உட்கார்ந்தார். 1965இல் வந்த அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே "பொம்மைக் குழந்தைகள்" என்றுதான் இருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி, விறைப்பாக ஆடி ஆடி நடப்பதால். என் பையன் நாலரை வயசில் முதன்முதலாக நடந்ததும் அப்படித்தான். எந்தத் தாயும் அதைப் பொம்மை என்று சொல்ல மாட்டாள். 1982இல் வேறு இரு மருத்துவர்கள் அந்தப் பேரை விட்டுவிட்டு ஏஞ்சல்மேன் பேரையே வைக்கலாம் என்றார்கள், நல்ல வேளை.

அதிலும் ஒரு வம்பு. ஏஞ்சல் என்று கேட்டதும் "தெய்வக் குழந்தைம்மா" என்கிறார்கள். அது அந்த டாக்டரின் குடும்பப் பேர், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டேங்க் குழாயைத் திறந்துவிடுகிற தெய்வத்தை நீங்கள் பார்த்ததில்லை.

24 பிப்ரவரி, காலை 7.30

பெரியவள் திருத்துகிறாள். ஓவியத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். அந்தப் பையன் கையில் பொம்மையே இல்லை! ஒரு காகிதம். அதில் சின்னப் பிள்ளைகள் கிறுக்குவது மாதிரி குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஒரு உருவம். தான் வரைந்ததை நம்மிடம் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். வரைந்தவர் கரோட்டோ என்ற இத்தாலிய ஓவியர். "பொம்மை அவன் இல்லம்மா, பொம்மையை வரைஞ்சவன்தான் அவன்" என்றாள். பேச்சின் தலைப்பையும் மாற்றிவிட்டாள், என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

28 பிப்ரவரி, இரவு 10.50

இன்று அரிய நோய்கள் தினம். 2008இல் பிப்ரவரி 29ஆம் தேதி ஆரம்பித்தது, அரிய நாளில் அரிய நோய் என்று. மற்ற வருஷங்களில் 28.

மூன்று பேர் தனித்தனியாக "ஸ்டெம் செல் பார்த்தீங்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள். நான் வைக்கப் போய், கடை வாசலில் என் கணவர் இழுத்து வந்தார்.

நிஜமாக நடக்கிற ஆராய்ச்சி வேறு. எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டு மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் மாதிரி. மூளை நரம்பு செல்களில் அப்பா கொடுத்த மோட்டாரின் சுவிட்சில் இயற்கையே டேப் ஒட்டி வைத்திருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான். ஓடுவது அம்மா கொடுத்தது மட்டும். இவனுக்கு அது இல்லை. ஆனால் அப்பாவின் மோட்டார் பழுதாகவில்லை, அப்படியே புத்தம்புதுசாகத் தூங்குகிறது. அந்த டேப்பை உரிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். முதுகுத் தண்டு வழியாக ஊசி போடுகிற மருந்து. ஒன்றின் பேர் ஜிடிஎக்ஸ்-102. 2020இல் அதிக அளவு கொடுத்த சிலருக்குக் கால் பலம் குறைந்ததால் நிறுத்தினார்கள், அளவையும் முறையையும் மாற்றி மறுபடி தொடங்கி, 2024 கடைசியில் மூன்றாம் கட்டச் சோதனை ஆரம்பமானது. அதற்கு மேல் நான் நம்பிக்கையை வளர்த்துக்கொள்வதில்லை. செய்தி வந்தால் படிப்பேன், போனை வைத்துவிட்டுத் துணி துவைப்பேன்.

ஹாலிவுட் நடிகர் காலின் ஃபாரல் தன் மகனுக்கு இது இருப்பதை 2007இலேயே வெளியில் சொன்னவர். அவர் மகனுக்கும் முதலில் சி.பி. என்றுதான் சொன்னார்களாம். அதைப் படித்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், அவ்வளவு காசிருந்தும் அதே தப்பு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. ஏஞ்சல்மேன் என்ற பேர் அதில் இல்லை. சான்றிதழ் கேட்டுப் போனபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பட்டியலை மேலிருந்து கீழ் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த நோய்க்கு இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த முறை நான் பேரையே சொல்லவில்லை, அறிவுசார் குறைபாடு என்று கேட்டேன், வேலை நடந்தது. புதுசாக அலைகிறவர்கள் இப்படியே கேளுங்கள். முதல் விண்ணப்பத்தை அவன் தின்றுவிட்டான், அது வேறு கதை.

9 மார்ச், மதியம் 3.15

கார்டு வந்துவிட்டது. 200. கடைக்காரத் தம்பி, "எழுத்துப் பிழை இருந்துச்சுக்கா, நானே சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாகக் கொடுத்தான். "எனக்கு அஞ்சல்மேன் சிண்ட்ரோம்" என்று அடித்திருக்கிறான். 200 கார்டும்!

கணவர் சிரித்த சிரிப்புக்கு மகனே பயந்துபோய்ப் பார்த்தான். மற்ற வரிகள் சரியாக இருந்தன, ஆகவே பேரைப் பேனாவால் திருத்திக் கொடுத்துவருகிறேன். கடைசியில் கார்டில் நின்றது இவ்வளவுதான்: "எனக்குப் பேச வராது. பயந்தாலும் வலித்தாலும் சிரிப்பேன். உங்கள் முடியைப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், என் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள், விட்டுவிடுவேன்." பொறுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து, எல்லாம் போய்விட்டது. செய்ய ஒரு வேலை கொடுத்தால் ஜனங்கள் செய்கிறார்கள். "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்ரீரங்கம் பஸ் கண்டக்டர் ஒன்று வாங்கி டிக்கெட் பைக்குள் வைத்திருக்கிறார்.

16 மார்ச், இரவு 8.00

பேச்சே வராதா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக வராது, ஒன்றிரண்டு சொல் வரலாம். ஆனால் புரிதல் பேச்சைவிட அதிகம், அதைத்தான் நாங்கள் தொலைத்தோம். "பேசட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருக்கச் சொன்னார்கள். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்றும் சொன்னார்கள், அது சுத்தத் தப்பு. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் லேமினேட் செய்த படங்களில் ஆரம்பித்தோம், அவனுக்கு லேமினேஷன் கசங்கும் சத்தம் பிடித்துப்போய் ஒரு வாரத்தில் அத்தனையும் காலி. பிறகு கணவர் பிளைவுட்டில் ஒட்டிக் கொடுத்தார். முதலில் தொட்டது தண்ணீர், கேட்க வேண்டுமா! ஆறு மாசம் கழித்து "போதும்". சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், நாலாவது வாயில் போய்ப் "போதும்" படத்தைத் தட்டினான். ஒன்பது வயசு வரை என் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததை நானாகத்தான் முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

6 ஏப்ரல், அதிகாலை 3.10

மூன்று ராத்திரியாகத் தூங்காமல் சிரிக்கிறான். இவனுக்குத் தூக்கம் எப்போதும் குறைவுதான் என்று நானும் விட்டுவிட்டேன். சற்று முன்னால் முகத்தைத் துடைக்கும்போது வலது கன்னத்தில் கை பட்டதும் சிரிப்பு இன்னும் கூடியது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கடைவாய்ப் பல் ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது.

கார்டில் எழுதியவள் நான்தான். பிளைவுட்டில் "வலி" என்று ஒரு படம் இல்லை. விடிந்ததும் முதலில் பல் டாக்டர், கார்டை எடுத்து வைத்துவிட்டேன், பேரையும் திருத்திவிட்டேன்.